மரம் தண்ணிய மேல தள்ளுறதில்ல, காத்து தான் இழுக்குது: வீட்டுலயே செஞ்சு பாத்துப் புரிஞ்சுக்க ஒரு முழு வழிகாட்டி

ஒரு தேக்கு மரம் 30 மீட்டர் உசரத்துக்கு வளந்து நிக்குது, அதோட உச்சாணிக் கிளையில இருக்குற இலைக்கும் தினம் தண்ணி போய்ச் சேந்துக்கிட்டே இருக்கு. கீழ மோட்டார் இல்ல, நடுவுல துடிக்கிற உறுப்புன்னு எதுவும் இல்ல. அப்ப யாரு ஏத்துறா? நெறைய பேரு "வேரு தான் உறிஞ்சி மேல அனுப்புது"ன்னு சொல்வாங்க, பள்ளிக்கூடத்துலயும் பாதி சொல்லிட்டு அதோட விட்டுடுறாங்க. வேரு தண்ணிய உள்ள வாங்குது, அது சரி. ஆனா மேல கொண்டு போறது வேரோட வேலை இல்ல. இலைக்கு வெளிய இருக்குற காஞ்ச காத்து தான் இழுக்குது, அந்த இழுப்பு இலையில ஆரம்பிச்சு தண்டு வழியா எறங்கி வேரு தாண்டி மண்ணு வரைக்கும் போகுது, அந்த இழுப்பு நடுவுல அறுந்து போகாம தாங்குறது தண்ணியோட தனிக் குணம்.

இத அழுத்திச் சொல்றதுக்குக் காரணம் இருக்கு. பர்மாவுல நம்ம மோன் மாநிலத்துப் பக்கம், தட்டோன் மோல்மேன் எங்க பாத்தாலும் நெல்லு, ரப்பர், வெத்தலை, வீட்டு வாசல்ல தொட்டியில மல்லி, கருவேப்பிலை. செடி தலை தொங்குனா ஒடனே ஒரு செம்பு தண்ணி ஊத்துற பழக்கம் எல்லாருக்கும் இருக்கு, அந்தத் தண்ணியாலயே எத்தனையோ செடி செத்துப் போகுது. தண்ணி எப்படி நகருதுன்னு மேல இருந்து கீழயா பாக்கப் பழகிட்டா, எங்க தடை விழுந்திருக்குன்னு நீங்களே கண்டுபிடிச்சிடலாம்.

கீழ வர்ற சோதனைக்கு எல்லாம் சேத்து வேணுங்கிறது கம்மி தான்: கண்ணாடி டம்ளர், பாட்டில் மூடி, பழைய போட்டோ பிரேமுல கழட்டுன ரெண்டு கண்ணாடி, சாப்பாட்டுக் கலர், உப்பு, ஒரு உருளைக்கிழங்கு, ஒரு பிடி பச்சைப்பயறு, பிளாஸ்டிக் பை, வாசலின், கொஞ்சம் சமையல் எண்ணெய், ஒரு பிளேடு.

படி 1: மொதல்ல தண்ணியப் பாருங்க, செடி அப்புறம்

பாட்டில் மூடிய நிமித்தி வெச்சு விளிம்பு வரைக்கும் தண்ணி ஊத்துங்க. வெளிநாட்டுப் புத்தகத்துல நாணயத்து மேல சொட்டு விடச் சொல்வாங்க, நம்ம நாட்டுல நாணயத்த கையில பாக்குறதே இல்ல, எல்லாம் நோட்டு, அதனால மூடி போதும். நெறஞ்சதுக்கப்புறம் ஒரு ஸ்ட்ராவால ஒவ்வொரு சொட்டா விடுங்க. தண்ணி ஒடனே வழியாது. மூடியோட மட்டத்துக்குக் கண்ணக் கொண்டு வந்து பக்கவாட்டுல பாத்தா, தண்ணி விளிம்புக்கு மேல வளைஞ்சு குவிஞ்சு நிக்குறது தெரியும். இப்ப பாத்திரம் கழுவுற சோப்புல தொட்ட தீக்குச்சி நுனிய அதுல லேசா படவிடுங்க, அடுத்த நொடி வழிஞ்சுடும்.

என்ன நடந்துச்சுன்னா, தண்ணி மூலக்கூறுல ஒரு ஆக்சிஜன், ரெண்டு ஹைட்ரஜன் இருக்கு, மூணும் நேர்கோட்டுல இல்ல, 104.5 டிகிரில வளைஞ்சு இருக்கு. ஆக்சிஜன் பக்கம் லேசா எதிர் மின்னூட்டம், ஹைட்ரஜன் பக்கம் லேசா நேர் மின்னூட்டம், அதனால ஒண்ணோட ஹைட்ரஜன் பக்கத்துல இருக்குறதோட ஆக்சிஜனப் பிடிச்சுக்குது. இது தான் ஹைட்ரஜன் பிணைப்பு. ஒத்தைப் பிணைப்பா பாத்தா பலம் கம்மி, கண்ணு சிமிட்டுற நேரத்துல கோடிக்கணக்கான தடவை அறுந்து திரும்ப சேருது, ஆனா எந்த நேரத்துல பாத்தாலும் பெரும்பாலானது பிடிச்சுக்கிட்டு தான் இருக்கு. தண்ணி தண்ணியப் பிடிக்கிற இந்தக் குணத்துக்கு கூட்டிணைவுன்னு பேரு. 20 டிகிரி வெப்பத்துல தண்ணியோட பரப்பு இழுவிசை மீட்டருக்கு 72.8 மில்லிநியூட்டன், ஆல்கஹாலுக்கு அதுல மூணுல ஒரு பங்கு கூட கெடையாது. சோப்பு உள்ள போனதும் அந்த இழுவிசை பாதிக்கும் கீழ எறங்குது, அதனால தான் குவியல் ஒடைஞ்சது.



படி 2: ரெண்டு கண்ணாடிக்கு நடுவுல ஏறுற தண்ணி

கண்ணாடி ரெண்டையும் சோப்பு போட்டு நல்லா அலசிடுங்க, எண்ணெய்ப் பிசுக்கு கொஞ்சம் இருந்தாலும் சோதனை வராது. ரெண்டையும் முகத்தோட முகம் வெச்சு, ஒரு ஓரம் ஒட்டி இருக்கட்டும், எதிர் ஓரத்துல நடுவுல ஒரு தீக்குச்சியச் சொருகி ரப்பர் பேண்டு போட்டுக் கட்டுங்க. கலர் தண்ணி ஊத்துன தட்டுல இத செங்குத்தா நிறுத்துங்க.

தண்ணி ஏறும். தீக்குச்சி இருக்குற பக்கம் கொஞ்சமா, கண்ணாடி ஒட்டி இருக்குற பக்கம் போகப் போக உசரமா, ஒரு அழகான வளைவா நிக்கும். தண்ணி கண்ணாடியையும் பிடிச்சுக்கிட்டு ஏறுது, அதுக்கு ஒட்டிணைவுன்னு பேரு. இடைவெளி எவ்வளவு குறுகலோ அவ்வளவு உசரம். இந்த வளைவ நல்லா மனசுல வெச்சுக்கோங்க, இலைக்குள்ள போகும்போது இது திரும்ப வேணும்.

இப்ப கணக்கு. மரத்துக்குள்ள தண்ணி போற சைலம் குழாய் 0.1 மி.மீ. அகலம்னு வெச்சா, இந்த ஏத்தத்தால மட்டும் தண்ணி 30 செ.மீ. தான் ஏறும். 0.03 மி.மீ. குழாயா இருந்தா சுமாரா 1 மீட்டர். புல்லுக்குப் போதும், தேக்குக்கு என்ன பண்றது? சரி, மேல இருந்து பம்பு வெச்சு உறிஞ்சுனா? அதுவும் ஆகாது, கடல் மட்டத்துல எவ்வளவு நல்ல பம்பா இருந்தாலும் உறிஞ்சி ஏத்துற தண்ணி 10.3 மீட்டரைத் தாண்டாது, ஏன்னா அங்க தண்ணிய ஏத்துறது உண்மையில வெளிக் காத்தோட அழுத்தம் தான், அதோட பலம் அவ்வளவு தான். கலிபோர்னியாவுல இருக்குற உலகத்துலயே உசரமான ரெட்வுட் மரம் 115 மீட்டருக்கு மேல. அப்ப வேற ஏதோ நடக்குது.

படி 3: வேரு, பஞ்சு பஞ்சா தெரியுறது பூஞ்சை இல்ல

பச்சைப்பயறு ஊற வெச்சு, ஈரத்துணியில பரப்பி மூடி வையுங்க. ரெண்டு மூணு நாள்ல வேரு நீளும். நுனிக்குக் கொஞ்சம் பின்னால வெள்ளையா, மெல்லிசா, பஞ்சு ஒட்டுன கணக்கா ஒரு படலம் தெரியும். நெறைய பேரு பூஞ்சை பிடிச்சிடுச்சுன்னு தூக்கிப் போட்டுடுவாங்க. அது வேர்த்தூவி. ஒவ்வொரு தூவியும் ஒரே ஒரு செல்லோட நீட்சி. ஒரு முளைய வெளிய எடுத்து கையில வெச்சிருங்க, கொஞ்ச நேரத்துல அந்த வெள்ளைப் படலம் சுருங்கி ஒட்டிக்கும். செடி தண்ணி வாங்குறதுல பெரும்பங்கு இந்தத் தூவி வழியா தான். நாத்து பிடுங்கி நடும்போது ஏன் வாடுதுன்னு இப்ப தெரியுதா, பிடுங்குனப்பவே தூவி முக்காவாசி போச்சு. அதனால மொளகாய், தக்காளி, கத்தரி நாத்து எல்லாம் சாயங்காலமா நடுங்க, ரெண்டு நாள் நெழல் குடுங்க, இலை ரொம்ப இருந்தா பாதியக் கிள்ளிடுங்க. வேரு திரும்ப தூவி விடுற வரைக்கும் மேல இழுப்பக் கொறைக்கணும்.

வேருக்குள்ள தண்ணி செல் சுவரு வழியா கொஞ்ச தூரம் சும்மாவே போயிடும். அப்புறம் ஒரு காவல். ராபர்ட் காஸ்பரிங்கிற ஜெர்மன் தாவரவியலாளர் 1865ல விவரிச்ச காஸ்பரி பட்டை, தண்ணி விடாத ஒரு பட்டை செல் சுவர அடைச்சுக்கிட்டு இருக்கும். இங்க வந்த தண்ணி செல்லுக்குள்ள நுழைஞ்சு தான் ஆகணும், அப்ப தான் செடி எந்த உப்ப விடலாம் எத நிறுத்தலாம்னு தேர்ந்தெடுக்க முடியும். செல் சவ்வுல தண்ணிக்குன்னே தனி வாசல் இருக்கு, அக்வாபோரின்னு பேரு, அதக் கண்டுபிடிச்ச பீட்டர் ஆக்ரேவுக்கு 2003ல வேதியியல் நோபல் பரிசு குடுத்தாங்க. ஒரு வாசல் வழியா நொடிக்கு நூறு கோடிக்கும் மேல தண்ணி மூலக்கூறு போகும். இந்த வாசல மூடவும் முடியும், கடைசிப் படியில இது முக்கியம்.

உப்பு என்ன பண்ணும்னு பாக்க, உருளைக்கிழங்க வெரல் நீளத்துக்கு வெட்டி ஒரு துண்ட நல்ல தண்ணியிலயும் இன்னொண்ண உப்புத் தண்ணியிலயும் அரை மணி ஒரு மணி நேரம் போட்டு வையுங்க. நல்ல தண்ணியில கெடந்தது வெறைச்சு, வளைச்சா படக்குனு ஒடையும். உப்புல கெடந்தது தொவண்டு போய் வளையும். தண்ணி எப்பவும் உப்பு கம்மியா இருக்குற பக்கத்துல இருந்து உப்பு அதிகமா இருக்குற பக்கம் போகும், இதுக்கு சவ்வூடு பரவல்னு பேரு. ஒரு தொட்டிக்கு ரெண்டு கை யூரியா போட்டா செடி கருகுறது இதனால தான், மண்ணுல தண்ணி இருக்கும், ஆனா வேரு வாங்க முடியாது. 2008 மே மாசம் நர்கிஸ் புயல் ஐராவதி டெல்டாவுல கடலையே ஊருக்குள்ள தள்ளிக்கிட்டு வந்துச்சு. செத்தவங்களும் காணாமப் போனவங்களும் சேந்து 1,38,000 பேருக்கு மேல. உயிர் தப்புனவங்களுக்கு மிச்சம் இருந்த வயலும் உப்பேறிக் கெடந்துச்சு. அந்த மண்ணுல தண்ணி நின்னாலும் பயிருக்கு அது வறட்சி தான், மழைத்தண்ணி உப்பக் கழுவிக் கொண்டு போனா தான் வேரு திரும்ப குடிக்க முடியும்.

படி 4: கலர் தண்ணியும் காசித்தும்பையும், அப்புறம் தேக்கு

காசித்தும்பைத் தண்டு உள்ள தெரியுற அளவுக்குத் தெளிவா இருக்கும், இந்த சோதனைக்கு அத விட நல்ல செடி கெடையாது. தண்ணிக்குள்ளயே வெச்சு தண்ட சாய்வா வெட்டி, சிவப்புக் கலர் கெட்டியா கரைச்ச டம்ளருக்கு மாத்துங்க. ரெண்டு தண்டு எடுங்க, ஒண்ணு இலையோட, ஒண்ணுல இலை எல்லாத்தையும் கிள்ளிட்டு. காத்தாட வையுங்க.

இலை இருக்குற தண்டுல கொஞ்ச நேரத்துலயே மெல்லிசா சிவப்புக் கோடு ஏறுறது வெளிய இருந்தே தெரியும், அப்புறம் இலை நரம்பு ஒண்ணொண்ணா சிவக்கும். இலை இல்லாத தண்டுல கலர் ரொம்ப மெதுவா தான் ஏறும். ரெண்டுக்கும் ஒரே தண்ணி, ஒரே தண்டு, வித்தியாசம் மேல இருக்குற இலை மட்டும் தான். தண்ட குறுக்க வெட்டிப் பாத்தா மொத்தமும் சிவந்திருக்காது, வட்டமா புள்ளி புள்ளியா சிவப்பு இருக்கும். அது தான் சைலம். அந்தக் குழாய் செல்லெல்லாம் செத்தது, உள்ள ஒண்ணுமில்லாத வெறும் சுவரு.

இதே விஷயத்த நம்ம நாட்டு மரவெட்டிங்க ரொம்ப காலமா கைப்பழக்கத்துல தெரிஞ்சு வெச்சிருந்தாங்க. பர்மாத் தேக்க அந்தக் காலத்துல ஒடனே சாய்க்க மாட்டாங்க. மொதல்ல அடிமரத்த சுத்தி வளையமா வெட்டுவாங்க, பட்டையோட நிக்காம, அதுக்கடுத்து வெளிறி இருக்குற வெள்ளைக் கட்டையையும் வெட்டி, உள்ள வைரக் கட்டை தெரியுற வரைக்கும். அப்படியே விட்டுடுவாங்க. மரம் நின்ன எடத்துலயே செத்து, வழக்கமா மூணு வருஷம் காஞ்சுக்கிட்டு நிக்கும். அப்புறம் தான் சாய்ச்சு ஆத்துல விடுவாங்க, ஏன்னா பச்சைத் தேக்கு தண்ணியில முழுகிடும், காஞ்ச தேக்கு மெதக்கும். சல்வீன் ஆத்துல மெதந்து மோல்மேனுக்கு வந்து சேந்த கட்டையெல்லாம் இப்படித்தான் வந்துச்சு.

அந்த வெட்டு எங்க நிக்குதுங்கிறத யோசிங்க. வைரக் கட்டை அப்படியே தான் இருக்கு, மரம் விழாம நிக்குது, ஆனா தண்ணி போகல. அப்ப தண்ணி ஏறுறது வெள்ளைக் கட்டை வழியா மட்டும் தான். பட்டைய மட்டும் உரிச்சிருந்தா? இலை பச்சையா தான் இருக்கும், தண்ணி ஏறும். பட்டையோட ஒட்டி இருக்குற புளோயம் வழியா இலையில செஞ்ச சர்க்கரை கீழ எறங்குறது தான் நிக்கும். எலுமிச்சை, கொய்யாவுல பதியம் போடுறவங்க இத நம்பித் தான் வேலை செய்றாங்க: ஒரு வளையம் பட்டை மட்டும் எடுத்துட்டு மண்ணு வெச்சுக் கட்டுனா, கிளை வாடாது, எறங்க வழியில்லாத சர்க்கரை மேல் ஓரத்துல தேங்கி அங்கேயே வேரு விடும். கத்தி கொஞ்சம் ஆழமா போய் கட்டையையும் அறுத்துட்டா கிளை காஞ்சிடும்.

படி 5: இலை, இங்க தான் எல்லாம் ஆரம்பிக்குது

காலையில வெயில் படுற ஒரு இலைக்கொத்து மேல பிளாஸ்டிக் பைய மாட்டிக் கட்டுங்க, பக்கத்துல இலை இல்லாத ஒரு குச்சி மேல இன்னொண்ணு. மத்தியானம் பாத்தா இலை இருக்குற பையில உள்பக்கமா தண்ணி சொட்டுச் சொட்டா தொங்கும்.

அடுத்து, ஒரே செடியில ஒரே அளவு இலை நாலு பறிச்சு, ஒண்ணுக்கு ரெண்டு பக்கமும் வாசலின், ஒண்ணுக்கு மேல் பக்கம் மட்டும், ஒண்ணுக்கு அடிப்பக்கம் மட்டும், ஒண்ணு சும்மா. காம்பு வெட்டுல நாலுக்கும் வாசலின் வெச்சு நூல்ல தொங்க விடுங்க. பெரும்பாலான மரத்து இலையில, அடிப்பக்கம் பூசுனது ரொம்ப நாள் பச்சையா இருக்கும், மேல் பக்கம் மட்டும் பூசுனது சீக்கிரம் சுருண்டுடும். காரணம் இலைத்துளை அதிகம் இருக்குறது அடிப்பக்கம் தான். ஒரு சதுர மி.மீ.க்கு நூத்துக்கணக்குல இருக்கும், எல்லாம் தெறந்தா கூட இலைப் பரப்புல நூத்துல ஒண்ணு ரெண்டு பங்கு தான் தெறப்பு, ஆனா வெளிய போற தண்ணியில பெரும்பங்கு அது வழியா தான் போகுது.

செடி வேணும்னே தண்ணிய விடல. கார்பன் டை ஆக்சைடு உள்ள வரணும்னா கதவத் தெறக்கணும், தெறந்தா தண்ணி போயிடும். ஒரு கார்பன் டை ஆக்சைடு மூலக்கூறு உள்ள வர்றதுக்கு நூத்துக்கணக்கான தண்ணி மூலக்கூறு வெளிய போகுது. வேரு வாங்குற தண்ணியில 97 சதவீதத்துக்கு மேல இப்படி ஆவியா போயிடும். இதுக்கு நீராவிப்போக்குன்னு பேரு. இது வீண்னு சொல்றத நான் ஒத்துக்க மாட்டேன். மண்ணுல இருக்குற சத்து இந்த ஓட்டத்துல தான் இலைக்கு வருது, அதோட வெயில்ல இலை கருகாம இருக்குறதும் இதால தான். 1 கிராம் தண்ணி ஆவியாக சுமார் 2,430 ஜூல் வெப்பம் வேணும், அதே வெப்பத்துல 580 கிராம் தண்ணிய ஒரு டிகிரி சூடாக்கிடலாம். தின்ஜான் (பர்மியப் புத்தாண்டுத் தண்ணித் திருவிழா) நேரத்து சித்திரை வெயில்ல இலையத் தொட்டுப் பாருங்க, பக்கத்துல இருக்குற கல்லயும் தொட்டுப் பாருங்க.

இப்ப அந்த இழுப்பு எங்க இருந்து வருதுன்னு பாப்போம். இலைக்குள்ள செல் சுவரு எல்லாம் ஈரமா இருக்கும், அந்தச் சுவருல நாரு நாருக்கு நடுவுல நானோமீட்டர் கணக்குல இடைவெளி. தண்ணி ஆவியாகப் போகப் போக, மிச்சத் தண்ணி அந்த இடைவெளிக்குள்ள பின்வாங்கி வளைஞ்சு நிக்கும். படி 1ல பாத்த பரப்பு இழுவிசையும் படி 2ல பாத்த வளைவும் இங்க ஒண்ணா சேருது. கண்ணாடி குறுகுனப்ப தண்ணி உசந்துச்சு இல்லையா, 10 நானோமீட்டர் ஆரம் உள்ள இடைவெளின்னா அது கிட்டத்தட்ட 1,500 மீட்டர் உசரத் தண்ணியத் தாங்குற பலம். எந்த மரத்துக்கும் அது தாராளம்.

காத்தோட இழுப்புக்கு கணக்கு இருக்கு. தண்ணி எந்தப் பக்கம் நகரும்னு சொல்ற அளவுக்கு அழுத்தநிலைன்னு பேரு, அத மெகாபாஸ்கல்ல சொல்வாங்க (1 மெகாபாஸ்கல்னா சுமார் 10 காத்தழுத்தம்). ஈரமான மண்ணுல இது சுழியத்துக்கு கொஞ்சம் கீழ. பகல்ல இலையில கழித்தல் 1, கழித்தல் 2 மெகாபாஸ்கல் அளவுல இருக்கும். ஈரப்பதம் 50 சதவீதம் இருக்குற காத்துல கழித்தல் 95. அட மழைக்காலம், ரங்கூன்ல காத்து 90 சதவீதம் ஈரமா இருக்குன்னு வையுங்க, அப்பவும் கழித்தல் 14. மழைக்காலத்துக் காத்து கூட இலைய விட எவ்வளவோ காஞ்சது. தண்ணி எப்பவும் இந்த எண்ணு எறங்குற பக்கம் தான் போகும், மண்ணு, வேரு, தண்டு, இலை, காத்து.

படி 6: இழுப்ப நீங்களே அளந்து பாருங்க

ஒரே அளவு பாட்டில் நாலு, ஒரே மட்டத்துக்குத் தண்ணி. மூணுல ஒரே செடியோட கிளை, நாலாவதுல ஒண்ணும் வேணாம். நாலுலயும் தண்ணி மேல சமையல் எண்ணெய் ஒரு மெல்லிசு படலம் ஊத்திடுங்க, தண்ணி நேரா ஆவியாகாது. பேப்பர் ஒட்டி மட்டத்தக் குறிச்சு வையுங்க. ஒண்ணு வெயில்ல காத்தாட, ஒண்ணு வீட்டுக்குள்ள நெழல்ல, மூணாவதுல இலையெல்லாம் கிள்ளிட்டு வெயில்ல, காலி பாட்டிலும் வெயில்ல. சாயங்காலம் மட்டத்த அளந்தா வெயில்ல இலையோட இருந்தது தான் அதிகம் எறங்கியிருக்கும், காலி பாட்டில் எறங்கவே எறங்காது. மறுநாள் மூடுன வானமா இருந்தா திரும்ப செஞ்சு பாத்து ஒப்பிடுங்க.

தண்டு உயிரோட இருந்து தள்ளுதா இல்லையான்னு 1890கள்ல ஸ்ட்ராஸ்பர்கர்ங்கிற ஜெர்மன் விஞ்ஞானி பெருசாவே செஞ்சு பாத்தாரு. 20 மீட்டர் உசரத்துக்கு மேல இருந்த ஓக் மரத்த அடியில அறுத்து விஷத் திரவத்துல நிறுத்துனாரு, வழியில இருந்த உயிர் செல்லெல்லாம் செத்தும் திரவம் உச்சி வரைக்கும் ஏறுச்சு. 1894ல டப்ளின்ல டிக்சன்ங்கிற தாவரவியலாளரும் ஜோலிங்கிற இயற்பியலாளரும் சேந்து பதில் சொன்னாங்க: இலையில ஆவியாகுற தண்ணி இழுக்குது, கூட்டிணைவு அந்த இழுப்பத் தாங்குது. கிணத்து வாளிய மேல இருந்து கயித்தால இழுக்குறோம் இல்லையா, இங்க தண்ணியே கயிறு, தண்ணியே வாளி.

அத அளக்க கருவி வர இன்னும் எழுவது வருஷம் ஆச்சு. 1965ல ஸ்கோலாண்டரும் கூட வேலை செஞ்சவங்களும் வெட்டுன கிளைய இரும்பு அறைக்குள்ள வெச்சு, காம்பு மட்டும் வெளிய நீட்டி, உள்ள வாயு அழுத்தம் ஏத்துனாங்க. வெட்டுன எடத்துல தண்ணி எட்டிப் பாக்குற அழுத்தம் தான், செடிக்குள்ள இருந்த இழுப்போட அளவு. அலையாத்தி மரத்துல 30லருந்து 60 காத்தழுத்த அளவுக்கு இழுப்பு இருந்துச்சு. கடல் தண்ணியில இருந்து உப்ப விட்டுட்டு நல்ல தண்ணி மட்டும் எடுக்க 25 காத்தழுத்தம் வேணும், அதுக்கு மேல இழுக்குறதால தான் நம்ம டெல்டா அலையாத்தி உப்புச் சேத்துல நின்னுக்கிட்டு பச்சையா இருக்குது. பகல்ல இந்த இழுப்புனால அடிமரமே மி.மீ.ல ஒரு சின்னப் பங்கு சுருங்கி ராத்திரி திரும்ப உப்பும்.

படி 7: கயிறு அறுந்தா

இழுத்துப் பிடிச்ச தண்ணிக்குள்ள காத்து நுழைஞ்சா அந்தக் குழாய் அவ்வளவு தான், குமிழி விரிஞ்சு மொத்தக் குழாயும் காலியாயிடும். 1966ல ஆமணக்கு இலைக்காம்புல கருவி வெச்சு, தண்ணி அறுபடுற சின்னச் சின்ன வெடிச் சத்தத்தப் பதிவு பண்ணியிருக்காங்க. குழாய்க்குக் குழாய் நடுவுல இருக்குற மெல்லிசு சல்லடைச் சவ்வு குமிழி பக்கத்துக்குப் பரவாம தடுக்கும், தண்ணி சுத்து வழியா போகும். ஆனா வறட்சி முத்துனா அடைப்பு கூடிக்கிட்டே போகும். தேக்கும் ரப்பரும் வறட்சி மாசத்துல இலைய உதுத்துடுறது இந்த ஆபத்துல இருந்து தப்பத் தான்.

கோயிலுக்கோ புத்தர் படத்துக்கோ பூ வெக்கிறவங்களுக்கு இது ஒடனே உதவும். சந்தையில வாங்குன பூவோட தண்டு வெட்டுல ஏற்கனவே காத்து ஏறியிருக்கும், ஏன்னா வெட்டுன நொடியே இழுப்பு காத்த உள்ள வாங்கிடுச்சு. வீட்டுக்கு வந்ததும் தண்டு நுனிய வாளித் தண்ணிக்குள்ள முக்கி, தண்ணிக்குள்ளயே ரெண்டு மூணு செ.மீ. சாய்வா வெட்டி ஜாடிக்கு மாத்துங்க. தண்ணியில முழுகுற இலையக் கிள்ளிடுங்க, அழுகுனா கிருமி வளந்து குழாய அடைக்கும். மேல இருக்குற இலையையும் கொஞ்சம் கொறைங்க.

படி 8: ராத்திரியில என்ன நடக்குது

ராத்திரி இலைத்துளை மூடிடும், இழுப்பு நின்னுடும். ஆனா வேரு உப்ப உள்ள ஏத்திக்கிட்டே இருக்குறதால தண்ணியும் கூடவே வந்து, கீழ இருந்து ஒரு சின்னத் தள்ளல் உண்டாகும். இது தான் வேர் அழுத்தம். விடியக்காலையில நெல்லு வயலுக்குப் போனா ஒவ்வொரு இலை நுனியிலயும் ஒரே ஒரு முத்து தண்ணி நிக்கும். பனின்னு நெனைப்போம். பனி இலை முழுக்க படியும், இது நுனியில மட்டும், சேப்பங்கிழங்கு இலையிலயும் வரும். வேர் அழுத்தம் ஏத்துறது சில மீட்டர் தான், உசரமான மரத்துக்கு அது காணாது.

ரப்பர் பால் வெட்டுறவங்க ஏன் இருட்டுலயே விளக்க மாட்டிக்கிட்டுப் போறாங்கன்னு இத வெச்சுப் புரிஞ்சுக்கலாம். ராத்திரி இழுப்பு இல்லாததால பட்டை செல்லெல்லாம் தண்ணி நெறஞ்சு வெறைச்சு இருக்கும், பால் குழாய்க்குள்ள அழுத்தம் 10 காத்தழுத்தத்தச் சுத்தி இருக்கும், கத்தி பட்டதும் நல்லா ஓடும். வெயில் ஏறிட்டா இலை தண்ணிய இழுத்துக்கும், அழுத்தம் எறங்கி பால் கொறஞ்சிடும். பகான் பக்கம் பனையில எறக்குற பதநீரும் வேற வழி, அது சைலம் தண்ணி இல்ல, புளோயத்துல ஓடுற சர்க்கரைச் சாறு, அங்க இழுப்பு இல்ல, அழுத்தித் தள்ளுற ஓட்டம், 1930ல முன்ச் அத விளக்குனாரு. அது தனிக் கதை.

படி 9: வாடுன செடியப் பாத்து எங்க தடைன்னு கண்டுபிடிக்கிறது

செம்பத் தூக்குறதுக்கு முன்னாடி மண்ணுக்குள்ள வெரல ரெண்டு கணு ஆழத்துக்கு விடுங்க. மேல்மண்ணு காஞ்சு உள்ள ஈரமா இருக்குறது சகஜம்.

மத்தியானம் மட்டும் பூசணி, சொரை இலை தொங்கி சாயங்காலம் நிமிந்துடுச்சுன்னா விட்டுடுங்க. இலை இழுக்குற வேகத்துக்கு வேரு குடுக்க முடியல, அவ்வளவு தான். விடியக்காலையிலயும் தொங்கியே இருந்து மண்ணும் காஞ்சிருந்தா தான் உண்மையான தாகம். அப்ப கொஞ்சம் கொஞ்சமா தெளிக்காம, வேரு ஆழம் வரைக்கும் எறங்குற மாதிரி ஒரே தடவை நல்லா ஊத்துங்க, காலையிலயோ சாயங்காலமோ. தெனம் மேலாப்புல தெளிச்சா வேரும் மேலயே தங்கி, அடுத்த வெயிலுக்கு மொதல்ல வாடும்.

மண்ணு சொதசொதன்னு ஈரமா இருந்தும் செடி வாடுதா, தண்ணிய நிறுத்துங்க. இது தான் மழைக்காலத்துல நம்ம தொட்டிச் செடியக் கொல்றது. மண்ணுல காத்து போக எடம் இல்லன்னா வேரு மூச்சு விட முடியாது, அப்ப வேர் செல்லு புளிச்சுப் போய் படி 3ல சொன்ன தண்ணி வாசல மூடிடும். தண்ணியில நின்னுக்கிட்டே செடி தாகத்துல கெடக்கும். நெல்லு எப்படித் தாங்குதுன்னா, அதுக்கு இலையில இருந்து வேரு வரைக்கும் உள்ளயே காத்துப் பாதை இருக்கு, தக்காளிக்கு அது கெடையாது. இன்லே ஏரியில தண்ணி மேலயே தக்காளி விளையுதேன்னு கேப்பாங்க, அங்க மெதக்குற பாத்தி தண்ணிக்கு மேல எழும்பி இருக்கு, வேருக்குக் காத்து கெடைக்குது. தொட்டி அடியில ஓட்டை அடைச்சிருக்கான்னு பாருங்க, நெழலுக்கு மாத்துங்க, அழுகுன வேர வெட்டிட்டு மணல் கலந்த புது மண்ணுல வையுங்க. உரம் இப்ப போடக் கூடாது.

இலை ஓரம் மட்டும் கருகி வந்தா உரமோ உப்போ கூடிடுச்சு. அடியில வழியுற வரைக்கும் நல்ல தண்ணி ஊத்தி ரெண்டு மூணு தடவை அலசி விடுங்க.

கடைசியா ஒண்ணு, தக்காளி, கத்தரி, மொளகா போடுறவங்க கட்டாயம் தெரிஞ்சுக்கணும். செடி நேத்து வரைக்கும் செழிப்பா இருந்து, இலை மஞ்சளாகாமயே பச்சையா திடீர்னு தொங்குனா, அடித்தண்ட வெட்டி ஒரு கண்ணாடி டம்ளர்ல தெளிஞ்ச தண்ணியில வெட்டு நுனி மட்டும் படுற மாதிரி அசையாம தொங்க விடுங்க. சில நிமிஷத்துல வெட்டுல இருந்து பால் நெறத்துல நூலு நூலா எறங்குச்சுன்னா அது பாக்டீரியா வாடல், கிருமி சைலத்துக்குள்ளயே பெருகி தண்ணிப் பாதைய அடைச்சுடுச்சு. இதுக்குத் தண்ணியும் மருந்தும் ஊத்திப் பலனில்ல. செடிய வேரோட, சுத்தி இருக்குற மண்ணோட எடுத்து அப்புறப்படுத்துங்க, கத்தியக் கழுவுங்க, அந்தப் பாத்தித் தண்ணி அடுத்த பாத்திக்கு ஓடாம வரப்பு கட்டுங்க, அங்க அடுத்த போகத்துக்கு உருளைக்கிழங்கு உட்பட இந்தக் குடும்பத்துச் செடி எதையும் வெக்காம நெல்லோ சோளமோ போடுங்க.